கண்ணாடி மாறிய பின் கண்: ஓட்டுநர் துணைக் கேமராவின் அளவுதிருத்தமும் அதற்கான தமிழும்



மொழிக்கென அமைந்த ஒரு சொற்பொழிவு வரிசையில் காரின் முன்கண்ணாடியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கியம், இலக்கணம், மொழிபெயர்ப்பு என வழக்கமான பொருள்கள் பல இருக்க, பட்டறையில் நடக்கும் ஒரு வேலை இம்மேடைக்கு ஏன் வரவேண்டும் என நீங்கள் கேட்கலாம். ஒரு மொழி, பேசுவோரின் அன்றாட வாழ்வில் எவ்வளவு தூரம் உடன்வருகிறது என்பதை அறிய, அந்த வாழ்வில் புதிதாக நுழைந்த ஒன்றை எடுத்து ஆராய்வதே நல்ல வழி என நாம் கருதுகிறோம். அதிலும், உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடைய ஒன்றாக இருந்தால், சொல் தெளிவாக இருப்பதும் இல்லாதிருப்பதும் வெறும் சொல் விளையாட்டாக நின்றுவிடாது.

ஈசூனிலிருந்து தொடங்குவோம். ரப்பர், அன்னாசித் தோட்டங்களால் பெயர்பெற்ற வணிகர் லிம் நீ சூன் (1879–1936) நினைவாக அவ்வட்டாரம் நீ சூன் என வழங்கியது. அப்பெயரின் மாண்டரின் ஒலிப்பே ஈசூன். தொகுதியின் பெயரில் பழைய ஒலிப்பும், நகரின் பெயரில் புதிய ஒலிப்பும் இன்றும் அருகருகே வாழ்கின்றன. அந்நகரின் ஈசூன் தொழிற்பேட்டை ஏ பகுதியில் கார்ப் பட்டறைகள் பல உள்ளன. அதே தொழிற்பேட்டையில்தான் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும் அமைந்துள்ளது. பங்குனி உத்திரத்தன்று காவடிகள் செல்லும் வட்டாரத்தில், மற்ற நாள்களில் எண்ணெய் மாற்றுவதும் டயர் கழற்றுவதும் கண்ணாடி பொருத்துவதும் நடைபெறுகின்றன.

விரைவுச்சாலையில் முன்செல்லும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த ஒரு சிறு கல் முன்கண்ணாடியில் பட்டு, நட்சத்திரம்போல் ஒரு கீறல் விழுகிறது. வெயிலும் குளிரூட்டியும் மாறி மாறித் தாக்க, கீறல் நீள்கிறது. கார் பட்டறைக்கு வருகிறது. பழைய கண்ணாடியை அறுத்தெடுத்து, பசை தடவி, புதியதைப் பதிக்கிறார்கள். பசை இறுகும்வரை பொறுத்திருந்து உரிமையாளர் வண்டியை எடுத்துச் செல்கிறார். இருபது ஆண்டுகளுக்குமுன் வேலை இத்துடன் முடிந்துவிட்டது. இன்று பல கார்களில் இத்துடன் முடிவதில்லை.

ஏன் முடிவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, முன்கண்ணாடியின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். 1903ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனதிக்துஸ் தம் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தவறவிட்டார். அது விரிசல் கண்டதேயன்றிச் சிதறவில்லை. உள்ளே இருந்து உலர்ந்துபோன செல்லுலோஸ் நைட்ரேட்டுப் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிறந்த அடுக்குக் கண்ணாடிக்கு 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்றைய முன்கண்ணாடியும் அதே கருத்தின் வளர்ச்சியே: இரு மெல்லிய கண்ணாடித் தகடுகள், நடுவே ஒரு நெகிழிப் படலம். அது காற்றையும் மழையையும் தடுப்பதோடு, காரின் கூரைக்கு வலுச் சேர்க்கிறது. பல கார்களில் பயணியின் பக்கத்துக் காற்றுப்பை விரியும்போது சாய்ந்துகொள்ளும் சுவராகவும் பயன்படுகிறது.

இந்தப் பணிகளோடு அண்மைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துள்ளது. பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட சிறு தாங்கியில் ஒரு கேமரா அமர்ந்திருக்கிறது. தடக் கோடுகளையும் முன்செல்லும் வண்டிகளையும் சாலை கடப்போரையும் வேக வரம்புப் பலகைகளையும் அது நோக்குகிறது. தடம் விலகினால் எச்சரிப்பது, தேவைப்பட்டால் சுக்கானைச் சற்றே திருப்புவது, மோதல் நெருங்கினால் தானாகவே பிரேக் போடுவது ஆகியவை அதன் பார்வையை நம்பியே நடைபெறுகின்றன. சில கார்களில் ரேடாரும் துணைக்கு உண்டு. வேறு சிலவற்றில் இரண்டு கேமராக்கள் மனிதரின் இரு கண்கள்போல் இணைந்து தொலைவை உணர்கின்றன. இவற்றை மொத்தமாக ஓட்டுநர் துணை அமைப்புகள் என்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் எல்லாப் புதிய கார்களிலும் தானியங்கி அவசரப் பிரேக் இருக்கவேண்டும். இவ்வசதிகள் விலையுயர்ந்த கார்களுக்கு மட்டுமே உரியவை என்ற நிலை மாறிவிட்டது.

அந்தக் கேமரா உலகைக் காண்பது முன்கண்ணாடி வழியாகவே. எனவே முன்கண்ணாடி அதன் மூக்குக்கண்ணாடிக்கு ஒப்பாகிறது. புதிய கண்ணாடியின் வளைவிலோ தடிப்பிலோ சிறு வேறுபாடு இருந்தாலும், தாங்கி ஒரு மயிரிழை சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தாலும், பசையின் கனம் ஒரு பக்கம் கூடியிருந்தாலும், கேமராவின் பார்வைத் திசை மாறிவிடும். கேமரா பழுதடையவில்லை. படமும் தெளிவாகவே வருகிறது. ஆனால் தான் எத்திசையை நோக்குகிறோம் என்று அது கருதிக்கொண்டிருப்பதும், உண்மையில் நோக்கும் திசையும் வேறு வேறாகிவிட்டன. அவ்விரண்டையும் மீண்டும் ஒன்றாக்கும் செயலே அளவுதிருத்தம்.

மயிரிழை என்று சொன்னோம். கணக்கிட்டே பார்ப்போம். 10 செண்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தாங்கியின் ஒரு முனை 1.75 மில்லிமீட்டர் நகர்ந்தால் அதன் திசை 1 பாகை மாறுகிறது. 1 பாகை என்பது 50 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 87 செண்டிமீட்டர். 3.5 மீட்டர் அகலமுள்ள தடத்தில் 1.8 மீட்டர் அகலமுள்ள கார் நடுவாகச் சென்றால், ஒவ்வொரு பக்கமும் எஞ்சும் இடம் 85 செண்டிமீட்டரே. அதாவது, தாங்கியில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக நேர்ந்த பிழை, 50 மீட்டருக்கு அப்பால் தடத்தின் ஓரத்தையே இடம்பெயர்த்துக் காட்டப் போதுமானது.

இது இட வலப் பிழை. மேல் கீழ்ப் பிழை இன்னும் நுட்பமானது. ஒற்றைக் கேமரா தொலைவை அறிய மேற்கொள்ளும் வழிகளுள் ஒன்று, முன்செல்லும் வண்டியின் சக்கரம் சாலையைத் தொடும் இடம் தொடுவானத்திற்கு எத்தனை பாகை கீழே தெரிகிறது என்று பார்ப்பது. கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், முன்வண்டி 40 மீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். அக்கோணம் சுமார் 1.86 பாகை. கேமராவின் திசையில் அரைப் பாகைப் பிழை நேர்ந்து, கோணம் 1.36 பாகை எனக் கணக்கிடப்பட்டால், அமைப்பு அவ்வண்டி ஏறத்தாழ 55 மீட்டர் தொலைவில் இருப்பதாக எண்ணும். இல்லாத 15 மீட்டர் இடைவெளி அங்கே தோன்றிவிடுகிறது. நம் விரைவுச்சாலைகளில் 90 கிலோமீட்டர் வேக வரம்புள்ள பகுதியில் அவ்வேகத்திலேயே செல்லும் கார் விநாடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. ஆகவே அந்தப் 15 மீட்டர் என்பது 0.6 விநாடி. நடைமுறையில் இவ்வமைப்புகள் பல குறிப்புகளை ஒப்பிட்டே முடிவெடுக்கும் என்பதால், எல்லாக் காரிலும் பிழை இவ்வளவு பெரிதாக விளையும் எனச் சொல்ல வரவில்லை. அரைப் பாகை எத்தனை பெரிய அளவு என்பதை உணர்த்தவே இக்கணக்கு.

ஆசிரியர்கள் இதை வகுப்பறையிலேயே காட்டலாம். 30 செண்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை மேசைமேல் வைத்து, அதன் ஒரு முனைக்கடியில் 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தைச் செருகுங்கள். அளவுகோல் ஏறத்தாழ 1 பாகை சாய்ந்திருக்கும். அதன் விளிம்பு காட்டும் கோட்டை 20 மீட்டர் நீளமுள்ள பள்ளி மண்டபத்தின் எதிர்ச் சுவர்வரை நீட்டினால், சுமார் 33 செண்டிமீட்டர் விலகியிருக்கக் காணலாம். அருகில் கண்ணுக்குப் புலப்படாத சாய்வு தொலைவில் பெருகுவதை மாணவர்கள் தம் கையாலேயே அறிந்துகொள்வார்கள்.

இனி, அளவுதிருத்தம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம். இரு முறைகள் உள்ளன. முதலாவது நின்ற நிலை அளவுதிருத்தம். மட்டமான தரையில் காரை நிறுத்தி, டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, பெட்டியிலுள்ள கூடுதல் சுமையை இறக்கிவைப்பார்கள். காரின் நடுக்கோட்டையும், பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளும் திசையையும் அளந்தறிவார்கள். பிறகு, தயாரிப்பாளர் குறித்துள்ள தொலைவிலும் உயரத்திலும், கட்டங்களோ வட்டங்களோ வரையப்பட்ட இலக்குப் பலகையை நிறுத்துவார்கள். ஸ்கேனர் எனப் பட்டறையில் அழைக்கப்படும் கருவியைக் காரின் கணினியோடு இணைத்து, கேமராவை அந்தப் பலகையைப் பார்க்கச் செய்வார்கள். பலகை எங்கே இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியும். எங்கே இருப்பதாகத் தோன்றுகிறது என்பதைக் கேமரா சொல்லும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பிழை. அதைக் கணினி நினைவில் பதித்துக்கொண்டு, அன்று முதல் ஒவ்வொரு காட்சியிலும் கழித்துக்கொள்கிறது.

இரண்டாவது ஓட்ட நிலை அளவுதிருத்தம். ஸ்கேனரை இணைத்தபடியே, குறிப்பிட்ட வேகத்தில், தடக் கோடுகள் தெளிவாகத் தெரியும் சாலையில் காரை ஓட்டவேண்டும். கேமரா கோடுகளையும் மற்ற வண்டிகளையும் கண்டு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். சில கார்களுக்கு முதல் முறை, சிலவற்றுக்கு இரண்டாவது, இன்னும் சிலவற்றுக்கு இரண்டுமே வேண்டும். எது வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேடே முடிவுசெய்கிறது.

இரு முறைகளுக்கும் நம் தீவில் அதனதன் இடர் உண்டு. முதல் முறைக்கு, காருக்கு முன்னே சில மீட்டர் வெற்றிடமும், சாய்வில்லாத தரையும், கண் கூசாத சீரான ஒளியும் தேவை. ஒவ்வொரு சதுர அடிக்கும் வாடகை கொடுக்கும் தொழிற்பேட்டைப் பட்டறைக்கு அந்த வெற்றிடம் எளிதில் வாய்ப்பதன்று. இரண்டாவது முறைக்குத் தடையற்ற ஓட்டம் வேண்டும். சிலேத்தார் விரைவுச்சாலையில் காலை நேர நெரிசலிலோ, கோடுகளை மறைத்துக் கொட்டும் பிற்பகல் மழையிலோ அதைச் செய்து முடிக்க இயலாது. எனவே நேரமும் செலவும் கூடுகின்றன. கூடும்போது, ‘விளக்கு எதுவும் எரியவில்லையே, பிறகென்ன?’ என்ற கேள்வி எழுவது இயல்பு.

அக்கேள்விக்கு விடை கூறுவது அவசியம். கேமராவின் பார்வை மறைந்தாலோ, இணைப்பு அறுந்தாலோ, பிழை மிகப் பெரிதாக இருந்தாலோ அமைப்பு எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யும். ஆனால் தன் திசை சிறிதே மாறிவிட்டது என்பதை எல்லாச் சமயத்திலும் அதனால் தானே கண்டறிய இயலாது. கோணலாக மாட்டிய கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே விளக்கு எரியாமை, அளவுதிருத்தம் நடந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. அது நடந்ததற்குச் சான்று, ஸ்கேனர் தரும் முடிவறிக்கையே.

இங்கேதான் மொழி நம் பொருளுக்குள் நுழைகிறது. பட்டறைக்குச் செல்லும் ஒருவர், வேலை முடிந்ததும் என்ன கேட்கிறார்? ‘கண்ணாடி மாற்றியாயிற்றா?’ என்று கேட்கிறார். ஆயிற்று என விடை வருகிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் கேட்கப்படவேண்டிய இரண்டாவது கேள்வி கேட்கப்படவே இல்லை. அந்தக் கேள்விக்கான சொல் கேட்பவரிடம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். ‘கேலிபரேஷன்’ என்ற சொல்லைக் காதால் கேட்டவர்கள் பலர் இருக்கலாம். அது பழுதுபார்ப்பதா, துடைத்துச் சுத்தம் செய்வதா, மென்பொருளைப் புதுப்பிப்பதா என்று அறியாதவர், விலைப்பட்டியலில் அவ்வரியைக் கண்டதும் வேண்டாத செலவு என்று நீக்கச் சொல்லக்கூடும்.

பழுதுபார்த்தல் என்பது கெட்டதைச் செம்மையாக்குவது. அளவுதிருத்தம் என்பது கெடாத ஒன்றை, நம்பத்தக்க ஓர் அளவோடு ஒப்பிட்டு இணங்கச் செய்வது. இவ்வேறுபாடு நம் முன்னோர்க்குப் புதிதன்று. கொத்தனார் சுவர் எழுப்புமுன் நூல் பிடிக்கிறார், தூக்குக்குண்டு விடுகிறார், ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். தட்டுகளில் பொருளை வைக்குமுன், வெறுந்தராசின் முள் நடுவில் நிற்கிறதா என்று வணிகர் பார்க்கிறார். நூலும் குண்டும் சுவரைக் கட்டுவதில்லை. அவை இல்லாமல் கட்டிய சுவர் நேராக நிற்கும் என்று நம்பவும் முடியாது. இலக்குப் பலகை என்பது இக்காலத்துத் தூக்குக்குண்டே என்று மாணவருக்குச் சொல்லிப் பாருங்கள். விளக்கம் பாதியாகக் குறைந்துவிடும்.

சிற்பியின் மரபிலும் ஓர் ஒப்புமை உண்டு. சிலையின் உறுப்புகளை எல்லாம் செதுக்கி முடித்த பிறகே, இறுதியில் கண் திறக்கிறார்கள். அதற்கு முன்வரை அது வேலை முடியாத கல். கண்ணாடி பொருத்திய காருக்கும் கண் திறக்கும் ஒரு கடைசிப் படி உண்டு என்றால், கோயிலும் பட்டறையும் அருகருகே உள்ள அந்தத் தொழிற்பேட்டைக்கு வருவோருக்கு அது உடனே விளங்கும்.

எல்லாச் சொல்லுக்கும் தனித்தமிழ் ஆக்கம் வேண்டும் என நாம் வலியுறுத்தவில்லை. கேமரா, ரேடார், பிரேக், டயர், ஸ்கேனர் ஆகியவை மக்கள் நாவில் பழகிவிட்டன. அவற்றால் பொருள் மயங்குவதில்லை. மயங்கும் இடத்தில்தான் நாம் உழைக்கவேண்டும். அளவுதிருத்தம், இலக்குப் பலகை, நின்ற நிலை, ஓட்ட நிலை, தடம் விலகல் எச்சரிக்கை, முடிவறிக்கை ஆகிய இச்சில சொற்கள் தெளிவாக இருந்தால், முழு நடைமுறையையும் தமிழில் விளக்கிவிடலாம். இன்று நாமும் அவற்றைக் கொண்டே இவ்வளவும் பேசினோம்.

இதனால் யாருக்குப் பயன்? ஆங்கிலம் அறிந்தோர் நிறைந்த நாட்டில் இது தேவையா என்று கேட்கலாம். பட்டறைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்து பணிபுரியும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கையேட்டின் ஆங்கிலத்தைவிட, ‘பலகையை நடுக்கோட்டிலிருந்து அளந்து வை, காரின் ஓரத்திலிருந்து அளக்காதே’ என்ற ஒரு தமிழ் வரி பிழையின்றிச் சென்று சேரும். பிள்ளைகளின் காரில் ஏறும் மூத்தோர் இருக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனத் தொழில்நுட்பம் பயிலும் இளையர் இருக்கிறார்கள். தாம் கற்பதைத் தம் வீட்டாரிடம் தமிழில் சொல்ல முடிந்த மாணவர், அதை உண்மையாகவே கற்றிருக்கிறார் என்பது எம் எண்ணம். சொல்ல முயலும்போதே, எங்கே தமக்குப் புரியவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செயல்முறை விளக்கக் கட்டுரை எழுதப் பணிக்கும்போது, தேநீர் தயாரிப்பதோடும் செடி நடுவதோடும் நின்றுவிடாமல், இத்தகைய ஒன்றையும் கொடுங்கள். கோணக் கணக்கைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்துங்கள். மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள காரின் முன்கண்ணாடி மாற்றப்படும் நாள் வந்தால், உங்கள் பெற்றோரிடம் நான்கு கேள்விகளை நினைவூட்டுங்கள். இந்தக் காரின் கண்ணாடியில் கேமரா உண்டா? புதிய கண்ணாடி அக்கேமராவுக்கு ஏற்ற வகையைச் சேர்ந்ததா? அளவுதிருத்தம் எம்முறையில் செய்யப்படும்? முடிவறிக்கை கிடைக்குமா? காப்புறுதி இருந்தால், அச்செலவு அதில் அடங்குமா என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது.

இறுதியாக ஒன்று. கேமரா எவ்வளவு சரியாகத் திருத்தப்பட்டாலும், அது துணைதான். அதன் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. சாலையைப் பார்க்கும் பொறுப்பு ஓட்டுநருடையது. ஆனால் துணை என நம்பி ஒன்றை உடன் அழைத்துச் செல்லும்போது, அது தவறான திசையைக் காட்டாமல் இருப்பதை உறுதிசெய்வதும் அதே ஓட்டுநரின் பொறுப்பே. அதைக் கேட்டறிவதற்கான சொற்களை அவருக்குத் தருவது, மொழி கற்பிக்கும் நம் பொறுப்பு.